ஏணி எதற்கு?

தண்ணீருக்குச் சாத்திரம் தெரியாது, சாதி தெரியாது. அதற்குத் தெரிந்தது பள்ளம் ஒன்றுதான். மேட்டிலே நிற்காது, பள்ளம் எங்கே என்று தேடி ஓடும். குடிக்கிற நீரும் அப்படித்தான், குளித்துக் கழித்த நீரும் அப்படித்தான்.

மேட்டிலே மாளிகையையும் பள்ளத்திலே குடிசையையும் வைத்தது தண்ணீரல்ல, மனிதன். அப்படி வைத்துவிட்டதனாலே, மேட்டுத் தெருச் சீமான் குளித்த நீரும் கழித்த நீரும் கடைசியாக வந்து சேரும் இடம் பள்ளத்துத் தெருவாயிற்று. அவர் வீட்டிலே தண்ணீர் வருகிறது, போகிறது. எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று என்று அவர் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் அவருக்கில்லை. தேவையுள்ளவன் பள்ளத்திலே இருக்கிறான், மழை இரண்டு நாள் பிடித்தால் கட்டிலின்மேல் அடுப்பைத் தூக்கி வைத்துக்கொண்டு!

பள்ளத்து நீரை மேட்டுக்கு ஏற்றும் வித்தை நமக்குப் புதிதல்ல. ஏற்றமும் கவலையும் இறைத்த உழவன் பரம்பரை நாம். இன்று அந்த வேலையை மின்சாரப் பம்ப் செய்கிறது. நகரத்திலே அது இருக்கும் இடத்தில் 'கழிவுநீர் உந்து நிலையம்' என்று பலகை தொங்கும். பம்பிங் ஸ்டேஷன் என்றால் தெருவிலே எல்லோருக்கும் விளங்கும். ஒரு கொட்டகை, மின்சாரப் பெட்டி, இரும்புக் கதவு, உள்ளே ஓர் ஆழக் கிணறு. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகிறோமே, அந்த இடந்தான். இன்றைக்கு அங்கே சற்று நின்று உள்ளே எட்டிப் பார்க்க அழைக்கிறோம் தோழர்களை. பொறியாளர்கள் மட்டுமே பேச வேண்டிய விஷயம் அல்லவா இது என்று தயங்க வேண்டாம். அந்தக் கிணற்றின் வரைபடத்திலே நம் தோழர்களின் உயிர் எழுதப்பட்டிருக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சாக்கடைக் குழாய் தானாக ஓட வேண்டுமானால் அதற்குச் சரிவு வேண்டும். 300 மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் சரிவு என்று வைத்துக்கொள்வோம். மூன்று கிலோமீட்டர் போனதும் குழாய் 10 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும். சென்னையைப் போலத் தட்டை நிலத்தில், கடல்மட்டத்துக்குச் சற்றே மேலே கிடக்கும் ஊரில், அதற்கு மேல் தோண்டிக்கொண்டே போக முடியுமா? முடியாது. ஆகவே வழியிலே ஒரு கிணறு வெட்டி, வந்த நீரை அதிலே விழவைத்து, பம்பினால் மேலே தூக்கி, அடுத்த குழாயிலே விட வேண்டும். அது மறுபடி இறங்கும், மறுபடி தூக்க வேண்டும். இதனால்தான் சென்னையிலே 200-க்கும் மேற்பட்ட கழிவுநீர் உந்து நிலையங்கள். இரவும் பகலும் அவை தூக்கிக்கொண்டே இருக்கின்றன. ஒன்று நின்றால் நீர் நிற்காது, பின்வாங்கும். பின்வாங்கிப் பொங்கும் இடம் எது? மிகத் தாழ்ந்த தெருவின் மூடி. கமிஷனர் பங்களா வாசல் அல்ல!

இந்தக் கலையின் வரலாறு லண்டனிலே தொடங்கிற்று என்றே சொல்லலாம். அந்த வரலாற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். அதிலே நமக்குப் பாடம் இருக்கிறது.

1848, 49-ல் லண்டனிலே வாந்திபேதி 14,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 1853, 54-ல் மறுபடி 10,000-க்கு மேல். செத்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். குடிநீரிலே கழிவு கலப்பதுதான் காரணம் என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் 1854-ல் தெருத் தெருவாகக் கணக்கெடுத்துக் காட்டினார். ஆட்சிப் பீடம் அசையவில்லை. பிறகு வந்தது 1858-ம் ஆண்டுக் கோடை. தேம்ஸ் நதி வெப்பத்திலே புளித்து நாறியது. நதிக்கரையிலே இருந்தது நாடாளுமன்றம்! சன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடிலே நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள், நாற்றம் அடங்கவில்லை. பிரபுக்களின் மூக்கு எரிந்தது. உடனே மசோதா வந்தது, நிறைவேறியது, ஆகஸ்ட் 2-ந் தேதி சட்டமும் ஆகிவிட்டது! ஆயிரமாயிரம் ஏழைகள் செத்தபோது திறக்காத கஜானா, சீமான்கள் மூக்கைப் பிடித்தபோது திறந்தது. இதிலே நாம் வியக்க ஒன்றுமில்லை. உலகமெங்கும் கஜானாக்களின் சுபாவம் அது.

வேலையை ஏற்றவர் ஜோசப் பசல்கெட் என்ற பொறியாளர். நதியை நோக்கி ஓடிய சாக்கடைகளை எல்லாம் குறுக்கே மறித்து, நதிக்கு இணையாகக் கிழக்கு நோக்கித் திருப்பி, ஊருக்கு வெளியே கொண்டுபோய்விடும் திட்டம். 82 மைல் நீளத்துக்குப் பெருங்கால்வாய்கள். மேட்டுப் பகுதிக் கால்வாய்கள் தாமாக ஓடின. பள்ளத்துக் கால்வாய்களோ கிழக்கே போகப் போக ஆழத்தில் புதைந்தன; தூக்கிவிட வேண்டியிருந்தது. அதற்காகவே உந்து நிலையங்கள். 1864-ல் டெட்ஃபோர்டு, 1865-ல் கிராஸ்னெஸ், 1868-ல் அபே மில்ஸ். கிராஸ்னெஸ் நிலையத்தை இளவரசரே வந்து திறந்து வைத்தார். நான்கு நீராவி எந்திரங்கள்; அவற்றுக்கு அரச குடும்பத்தார் பெயர்கள்! ஓர் எந்திரத்தின் உத்திரம் 47 டன், சுழல் சக்கரம் 52 டன். ஒரு சுற்றுக்குச் சுமார் ஆறு டன் சாக்கடையை அது தூக்கியது. கட்டடத்தின் உள்ளே வண்ணம் பூசிய இரும்பு வேலைப்பாடு, பூவும் கொடியுமாக. அபே மில்ஸ் நிலையத்தைப் பார்த்தவர்கள் சாக்கடையின் தேவாலயம் என்றார்கள். மலத்தைத் தூக்கும் எந்திரத்துக்கு மாளிகை கட்டினார்களே என்று சிரிக்கத் தோன்றும். நமக்குச் சிரிப்பு வரவில்லை. சாக்கடை வேலை இழிந்த வேலையல்ல, ஊர் காக்கும் வேலை என்று கல்லிலும் இரும்பிலும் எழுதிவைத்தார்கள். அதைப் பாராட்டுகிறோம்.

இனித்தான் கவனிக்க வேண்டிய இடம். 1866-ல் வாந்திபேதி மறுபடி வந்தது. லண்டனின் பெரும்பகுதியிலே புதிய கால்வாய்கள் வேலை செய்யத் தொடங்கியிருந்தன. அங்கெல்லாம் நோய் பரவ வழி குறைந்திருந்தது. கிழக்கு லண்டனிலே மட்டும் தாழ்நிலைக் கால்வாய் முடியவில்லை. 36 அடி உயரத்துக்குக் கழிவைத் தூக்க வேண்டிய அபே மில்ஸ் நிலையம் இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை. அந்தப் பகுதிக்குக் குடிநீர் விற்ற கம்பெனியோ, வடிகட்டாத நீரைக் குழாயிலே கலந்துவிட்டது. கப்பல் துறைத் தொழிலாளியும் கைத்தறி நெசவாளியும் நெருக்கியடித்துக் குடியிருந்த பகுதி அது. 5,500-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உந்து நிலையத்துக்கு என்ன விலை என்று கேட்போருக்கு அந்தக் கிழக்கு லண்டன் சுடுகாட்டைத்தான் காட்ட வேண்டும். மேட்டுக் கால்வாய் முதலில், பள்ளத்துக் கால்வாய் கடைசியில்! இந்த வரிசையை நிர்ணயித்தது புவியீர்ப்பு மட்டுந்தானா?

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பம்புகள் கழிவைச் சுத்தம் செய்யவில்லை. ஊருக்குக் கிழக்கே கொண்டுபோய், கடல் வடியும் நேரம் பார்த்து நதியிலேயே விட்டன. 1878-ல் 'பிரின்சஸ் ஆலிஸ்' என்ற பயணிக் கப்பல் அந்த வாய்க்கால் முகங்களுக்கு அருகிலே மோதி மூழ்கியது. 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் விழுந்தது நீரிலல்ல, சாக்கடையிலே என்று ஊர் கொதித்தது. அதற்குப் பிறகே கழிவைப் பிரித்து, கசடைக் கப்பலேற்றிக் கடலிலே கொட்டத் தொடங்கினார்கள். அந்த வழக்கம் 1998 வரை நீடித்தது. பம்ப் என்பது தூக்கிவிடும் கை. எங்கே கொண்டுபோய்ப் போடுகிறது என்பதையும் கேட்டாக வேண்டும். ஒரு பேட்டையின் அழுக்கைத் தூக்கி அடுத்த பேட்டையின் ஏரியிலே விட்டுவிட்டு, திட்டம் நிறைவேறியது என்று மாலை போட்டுக்கொள்வது நம் ஊரிலும் நடக்காத கூத்தல்ல.

இப்போது கிணற்றுக்குள்ளே வருவோம்.

1895-ம் ஆண்டு ஜூலை முதல் நாள். லண்டனை அடுத்த ஈஸ்ட் ஹாம் என்ற ஊரின் கழிவுநீர் உந்து நிலையம். கிணற்றுக்குள் இறங்கிய ஒரு தொழிலாளி விஷவாயுவில் சிக்கினார். அவரைக் காப்பாற்ற மற்றொருவர் இறங்கினார், அவரும் சாய்ந்தார். அடுத்தவர் இறங்கினார். அவருக்குப் பின் இன்னொருவர். தோழனைக் காக்கப் போய் உயிர்விட்டோர் நால்வர்: ஃபிரெடெரிக் மில்ஸ், ரட்டர், ராபர்ட் டூரன்ட், ஜோன்ஸ். பிறர் உயிரைக் காக்கத் தன்னுயிர் தந்த எளிய மக்களுக்கென்று வாட்ஸ் என்ற ஓவியர் லண்டன் பூங்கா ஒன்றிலே எழுப்பிய சுவரில் இந்த நால்வர் பெயரும் ஓட்டிலே பொறிக்கப்பட்டிருக்கிறது. மன்னர்களுக்கு மட்டுமே சிலை வைத்த ஊரிலே சாக்கடைத் தொழிலாளிக்கும் ஒரு கல்!

இந்தச் செய்தியைப் படிக்கும் தோழர்களுக்கு, இது 1895-ம் ஆண்டுச் செய்தியாகத் தோன்றாது. எங்கோ நேற்றுப் படித்த செய்தியாகத் தோன்றும். ஊர்ப் பெயரை மாற்றி, ஆட்களின் பெயரை மாற்றினால் போதும். ஒருவர் இறங்கினார், மயங்கினார், காப்பாற்றப் போனவரும் மாண்டார். ஆண்டுதோறும் இதே வாக்கியங்களை ஏடுகள் அச்சடிக்கின்றன.

ஏன் ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள்? அறிவில்லையா அவர்களுக்கு? அல்ல. அந்தக் கிணற்றிலே தேங்கும் கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு எழுகிறது. காற்றைவிடக் கனமானது, கிணற்றின் அடியிலேயே படுத்துக் கிடக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். பத்து லட்சம் பங்கு காற்றிலே 100 பங்கு அளவுக்கு ஏறிவிட்டால், நுகரும் சக்தியையே கொன்றுவிடும். நாற்றம் போய்விட்டதே என்று மனிதன் நினைப்பான். நாற்றம் போகவில்லை, அவன் மூக்கு செத்துப்போயிற்று. இன்னும் பல மடங்கு ஏறினால் இரண்டே மூச்சு, ஆள் விழுவான். மேலே நிற்பவன் கண்ணுக்குத் தெரிவது, தோழன் வழுக்கி விழுந்தான் என்பதே. குதிக்கிறான். நட்பும் துணிவும் இருப்பவன்தான் குதிப்பான். அந்த வாயு முதலில் கொல்வது நல்லவனை!

இறங்கச் சொல்லக் கூடாது என்று சட்டம் இல்லையா? இருக்கிறது. 1993-ல் ஒரு சட்டம். 2013-ல் அதைவிடக் கடுமையான இன்னொரு சட்டம். பாதுகாப்புக் கருவிகள் இன்னின்ன என்று விதிகளிலே 44 வகைகளை வரிசையாக எழுதினார்கள். உச்ச நீதிமன்றம் 2014-ல், இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது. 2023 அக்டோபரிலே அதை 30 லட்சம் ஆக்கியது. 2023-ம் ஆண்டு பட்ஜெட்டிலே, ஆள் இறங்கும் துளையெல்லாம் இனி எந்திரம் இறங்கும் துளையாகும் என்று நிதியமைச்சர் அறிவித்தார். பெயர் சூட்டு விழா இனிதே முடிந்தது. 2021-ல் மாநிலங்களவையிலே கேட்ட கேள்விக்கு, கையால் மலம் அள்ளும் தொழிலால் இறந்தோர் எவருமில்லை என்று பதில் வந்தது. சாக்கடையும் மலத்தொட்டியும் துப்புரவு செய்கையில் இறந்தோர் 1993 முதல் 941 பேர் என்று சில நாட்களிலேயே இன்னொரு பதில் வந்தது! அள்ளியதால் சாகவில்லையாம், இறங்கியதால் செத்தார்களாம். எத்தனை நேர்த்தியான வியாக்கியானம்! அந்த 941-ல் 200-க்கும் மேற்பட்டோர் நம் தமிழ்நாட்டவர். மாநிலங்களின் வரிசையிலே நாமே முதலிடம். அந்த முதலிடத்தைக் கேட்டு நாம் தலைகுனிகிறோம். இறந்தவர்களிலே மிகப் பெரும்பாலோர் எந்தச் சாதிகளைச் சேர்ந்தவர்கள் என்பதைத் தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மனுவின் ஏட்டைக் கொளுத்தலாம். கிணற்றின் வரைபடத்திலே மனு ஒளிந்துகொண்டிருந்தால் என்ன செய்வது?

ஆம், வரைபடத்திலே என்றுதான் சொல்கிறோம். சட்டப் புத்தகத்தைப் பற்றிப் பேசியவர்கள் ஏராளம். நாம் பேச விரும்புவது அந்த நீலக் காகிதத்தைப் பற்றி.

ஒரு பழைய உந்து நிலையத்தின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். வட்டமாக ஒரு கிணறு. அதன் சுவரிலே ஒன்றின் கீழ் ஒன்றாக இரும்புப் படிகள், மேலிருந்து அடிவரை. ஏணி! எதற்கு இந்த ஏணி? நீர் ஏறி வரவா? அதற்குக் குழாய் இருக்கிறதே. பம்ப் ஏறி வரவா? பம்புக்குக் கால் இல்லையே. அந்த ஏணியை வரைந்த கணத்திலேயே, ஒருவன் இறங்குவான் என்று முடிவாகிவிட்டது. யார் இறங்குவான் என்று பொறியாளர் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையில்லை. அதை ஊர் எழுதிக்கொள்ளும்.

பொறியாளர் நண்பர்கள் நம்மீது சினங்கொள்ள வேண்டாம். அவர்கள் சொல்லும் நியாயம் நமக்குத் தெரியும். "துணியும் பிளாஸ்டிக் பையும் தலைமயிரும் பம்பின் சக்கரத்திலே சுற்றிக்கொள்கின்றன, மோட்டார் நின்றுவிடுகிறது, அடியிலே மணல் சேர்கிறது, யாராவது இறங்கித்தானே எடுக்க வேண்டும்?" என்பார்கள். அடைப்பு வரும் என்பது உண்மை. வரும் என்று தெரிந்திருந்தும், வந்தால் மனிதன் இறங்குவான் என்று விட்டுவிட்டதுதான் குற்றம். அடைப்பை எதிர்பார்த்துக் கட்டும் வழி இன்றைக்கு உலகமறிந்தது. மேல்நாட்டு ரகசியம் ஒன்றுமல்ல, நம் நாட்டிலேயே பல நிலையங்களிலே இருப்பதுதான்.

நீரிலேயே மூழ்கி ஓடும் பம்ப். அதற்கு இருபுறமும் கிணற்றின் அடியிலிருந்து மேல்வரை இரண்டு வழிகாட்டிக் கம்பிகள். அடைத்துக்கொண்டால், மேலே நின்றபடி சங்கிலியைக் கப்பியிலே மாட்டி இழுத்தால், தண்டவாளத்திலே வண்டி வருவதுபோல் பம்ப் அந்தக் கம்பிகளின்மேல் ஏறி வெளிச்சத்துக்கு வரும். சுத்தம் செய்து மறுபடி இறக்கினால், தன் எடையாலேயே குழாயின் வாயிலே போய்ப் பொருந்திக்கொள்ளும். அடியிலே திருகாணி முடுக்க ஆள் வேண்டியதில்லை. துணியையும் பையையும் பம்புக்கு வருமுன்பே பிடிக்கும் கம்பித் தடுப்பு. அதை வாரிவிட எந்திரச் சீப்பு. வால்வுகள் எல்லாம் கிணற்றுக்குள் அல்ல, பக்கத்திலே ஆழமற்ற தனி அறையிலே. கிணற்றின் அடி தட்டையாக இருந்தால் மணல் படியும். பம்பின் வாயை நோக்கிச் செங்குத்தாகச் சரிந்திருந்தால் மணலும் நீரோடு போய்விடும். கிணற்றை நடுவே சுவரெழுப்பி இரண்டாகப் பிரித்தால், ஒரு பாதியை மூடிக் காயவிட்டு, மறு பாதியை ஓட்டலாம். வாயுவை அளக்கும் கருவி, காற்றை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி. என்றைக்கோ ஒருநாள் கட்டடத்தைப் பழுதுபார்க்க ஆள் இறங்கியே தீர வேண்டும் என்றால், அன்றைக்கு நீர் வெளியேற்றி, வாயு அளந்து, இடுப்பிலே கயிறு, மேலே முக்காலி, மூச்சுக்கு உருளைக் காற்று, வாசலிலே மூன்று ஆட்கள் என்று இறங்கட்டும். அதற்கு ஏணியைக் கொண்டுவந்து வைத்து, வேலை முடிந்ததும் எடுத்துப்போகலாமே! நிரந்தரமாகச் சுவரிலே பதித்துவைப்பானேன்?

கிணற்றின் அளவு இன்னொரு விஷயம். இதிலே கஞ்சத்தனமும் ஆபத்து, தாராளமும் ஆபத்து. கிணறு மிகச் சிறியதானால் நிமிடத்துக்கு ஒருதரம் மோட்டார் ஓடி நின்று ஓடி நிற்கும், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அது பலமடங்கு மின்சாரத்தை இழுக்கும், சுருள் எரிந்துபோகும். மிகப் பெரியதானால் கழிவு உள்ளேயே கிடந்து அழுகும். முன்சொன்ன விஷவாயு பெருகும். அது ஈரச் சுவரிலே பட்டு அமிலமாகிக் கான்கிரீட்டையே தின்றுவிடும். சராசரி வரத்துக்குக் கணக்கிட்டால் அரை மணி நேரத்துக்கு மேல் கழிவு கிணற்றில் தங்கக் கூடாது என்பது இந்நாட்டுக் கையேட்டின் விதி. ஊர் பெருகும் என்று முப்பது ஆண்டுக்குக் கணக்குப்போட்டு இன்றைக்கே பெருங்கிணறு வெட்டி, சிறு வரத்தை அதிலே தேக்கிவைத்தால், விதி ஏட்டோடு நின்றுவிடும். வாயு கிணற்றிலே நிற்கும். பெரிய கிணற்றுக்குப் பெரிய மதிப்பீடு, பெரிய மதிப்பீட்டுக்குப் பெரிய லாபம் என்று யாராவது கணக்குப்போட்டால், அந்தக் கணக்கு நமக்குத் தெரியாததல்ல.

பம்ப் எத்தனை வேண்டும்? மிகப் பெரிய பம்ப் பழுதாகிக் கிடந்தாலும், மீதமுள்ளவை உச்ச வரத்தைத் தூக்கியாக வேண்டும். இது பாலபாடம். நான்கு பம்ப் இருக்கிறது என்று காட்டுவார்கள். எத்தனை ஓடுகிறது என்று கேட்கத் தோழர்கள் மறக்கக் கூடாது.

அப்புறம் மின்சாரம். பெருமழையன்று மின்சாரம் நிற்கும். பெருமழையன்றுதான் பம்ப் ஓட வேண்டும். இந்த எளிய உண்மையை மறந்து கட்டிய நிலையங்கள் எத்தனை! இரண்டு வெவ்வேறு துணைநிலையங்களிலிருந்து இரண்டு இணைப்பு வேண்டும். அதுவும் போனால் ஜெனரேட்டர் வேண்டும். ஜெனரேட்டரைத் தரையிலே வைத்து, அதை வெள்ளத்திலே மூழ்கடித்துவிட்டுக் கைபிசைவதா? இங்கிலாந்திலே 2007 ஜூலையில் செவர்ன் நதி பெருகி மைத் என்ற இடத்துக் குடிநீர் நிலையம் மூழ்கியது. சுற்றிலும் வெள்ளம், மூன்றரை லட்சம் மக்களுக்குக் குடிக்க நீரில்லை. நம் அண்டையிலே, 2022 ஜூலையில் கோதாவரி பெருகியபோது தெலங்கானாவின் கன்னேபல்லி, அண்ணாரம் இறைப்பு நிலையங்களின் மோட்டார்கள் நீருக்கடியிலே போயின. நதியை இறைக்கக் கட்டியது நதியிலேயே மூழ்கியது. மின்பெட்டி எந்த உயரத்தில், கடந்த பெருவெள்ளம் எந்த உயரத்தில் என்ற இரண்டு எண்களை ஒப்பிட்டுப் பார்க்கப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை. அளவுநாடா போதும்.

எந்திரத்துக்கு உயரம் சொன்னோம். அதை ஓட்டும் மனிதனுக்கு? அமெரிக்காவிலே 2005-ல் கத்ரீனா புயல் வந்தது. நியூ ஆர்லியன்சை ஒட்டிய ஜெஃபர்சன் பகுதியிலே, பம்ப் ஓட்டுபவர்கள் உயிருக்கு ஆபத்து என்று அவர்களை நெடுந்தொலைவுக்கு அனுப்பிவிட்டார்கள். பம்புகள் நல்ல நிலையிலே இருந்தன, முடுக்க ஆளில்லை. ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மக்கள் கொதித்தார்கள். பிறகுதான் அங்கே உந்து நிலையங்களை ஒட்டி, புயலைத் தாங்கும் உறுதியான அறைகள் கட்டினார்கள், ஓட்டுநர்கள் உள்ளேயே தங்கிப் பம்பை இயக்க. கட்டடத்திலே தொழிலாளிக்கு ஓர் அறை முதலிலேயே வரைந்திருந்தால் எத்தனை வீடு பிழைத்திருக்கும்! நம் ஊர் நிலையங்களைப் பாருங்கள். காவலிருப்பவனுக்கு நாற்காலி ஒன்று இருந்தாலே பாக்கியம். கைகால் கழுவ நல்ல தண்ணீர் இருக்கிறதா? ஊரின் கழிவையெல்லாம் தூக்கியனுப்பும் இடத்திலே, அவன் ஒதுங்க ஒரு கழிப்பறை இருக்கிறதா? பெண் ஊழியர் வந்தால் எங்கே போவார்?

குடிநீர்ப் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே விஷவாயு இல்லை. ஆனால் பணம் கசியும் வழி உண்டு. நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அறிந்தவன் பம்பைக் குறைப்பான். 2004-ல் நிறைவேறிய புதிய வீராணம் திட்டத்தைப் பாருங்கள். வடக்குத்துவிலே சுத்திகரித்த நீரைக் கடம்புலியூர்வரை பம்ப் தூக்கிவிடுகிறது. அங்கிருந்து போரூர்வரை, ஏறத்தாழ 200 கிலோமீட்டர், தன் எடையாலேயே ஓடி வருகிறது. மண் செய்யும் வேலைக்கு மின்சாரக் கட்டணம் கிடையாது! இதற்கு நேர்மாறான புத்திசாலித்தனமும் உண்டு. குழாயின் விட்டத்தைக் குறைத்தால் டெண்டர்த் தொகை குறையும். ஆனால் அதே அளவு நீரைப் பாதி விட்டமுள்ள குழாயிலே தள்ளினால் உராய்வு இரண்டு மடங்கல்ல, முப்பது மடங்குக்கு மேல் ஏறுகிறது. அந்த உராய்வை வெல்ல மோட்டார் முப்பது ஆண்டு மின்சாரம் குடிக்கும். மிச்சம் பிடித்தவர் காண்ட்ராக்டர். கட்டணம் கட்டுபவர் நாம்.

உங்கள் பேட்டையிலே புதிய உந்து நிலையம் வரப்போகிறது என்று அறிவிப்பு வரும். பழையதைப் புதுப்பிக்கிறோம் என்று டெண்டர் வரும். அடிக்கல் விழாவுக்குப் பந்தல் போடும் வேலையைத் தோழர்கள் செய்வார்கள், செய்யட்டும். பந்தலுக்கு முன்னதாக, கவுன்சிலரை அழைத்துக்கொண்டு நாலுபேர் பொறியாளர் அலுவலகத்துக்குப் போங்கள். மரியாதையோடு போங்கள், அவரும் மாதச் சம்பளத்துக்கு உழைப்பவர்தான், மேலிடத்து நெருக்கடி அவருக்கும் உண்டு. மேசைமேல் வரைபடத்தை விரிக்கச் சொல்லுங்கள். பம்பைத் தூக்கக் கம்பிகள் இருக்கின்றனவா, வால்வு எங்கே இருக்கிறது, மின்பெட்டியின் உயரம் என்ன, பழுதான பம்பை மாற்ற எத்தனை நாள், ஓட்டுபவர் நிரந்தர ஊழியரா ஒப்பந்தக் கூலியா என்று கேளுங்கள். கிணற்றுச் சுவரிலே படிகள் வரைந்திருந்தால், விரல் வைத்துக் காட்டி, இது யாருக்கு என்று கேளுங்கள். படத்தைக் காட்டாமல் மதிப்பீட்டுத் தொகையை மட்டும் காட்டினால், அடுத்த வாரம் நாற்பது பேராகப் போய்ப் படத்தைக் கேளுங்கள்.